புதைக்கப்படுவது யார்?

கி.மு. 406இல் அர்கினூசாய் தீவுகளுக்கருகே நடந்த கடற்போரில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவை வென்றது. துடுப்புப் போட ஆள் போதாமல், அடிமைகளுக்கு விடுதலை தருவதாகச் சொல்லிக் கப்பலேற்றி, அவசரமாகத் திரட்டிய படைக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் போர் முடிந்த கையோடு புயல் வந்தது. உடைந்த கப்பல்களைப் பற்றிக்கொண்டு தத்தளித்தவர்களையும், கடலில் மிதந்த பிணங்களையும் மீட்க முடியாமல் போயிற்று. படை நடத்திய எட்டுத் தளபதிகளையும் ஏதென்ஸ் பதவியிலிருந்து இறக்கியது. ஊர் திரும்பிய ஆறு பேரை விசாரித்துக் கொன்றது. விசாரணைக்கு நடுவே குடும்பங்கள் கூடும் அபத்தூரியா திருவிழா வந்தது. கறுப்பு உடுத்தி, தலையை மழித்துக்கொண்டு பலர் மக்கள் அவைக்கு வந்து நின்றதாக செனபோன் எழுதியிருக்கிறார். பிள்ளையின் உடலைக்கூடப் பார்க்காத வீட்டின் கோபத்துக்கு எந்த வெற்றியும் ஈடாகவில்லை.

ஆறு பேரையும் ஒரே வாக்கெடுப்பில் தீர்த்துவிடுவது சட்டத்துக்கு முரணானது என்று அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த ஒருவர் கடைசிவரை மறுத்தார். அவர் சாக்ரடீஸ். ஏழாண்டுகள் கழித்து, கி.மு. 399இல், அவரே மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். அந்தக் கடைசி நாளைப் பிளேட்டோ ‘ஃபைடோ’ என்ற உரையாடலில் எழுதியிருக்கிறார். நஞ்சு குடிக்கும் முன் சாக்ரடீஸ் தாமே குளித்துவிடுகிறார், பிறகு பிணத்தைக் குளிப்பாட்டும் வேலை பெண்களுக்கு இருக்கக் கூடாது என்பதற்காக. உன்னை எப்படி அடக்கம் செய்வது என்று பால்ய நண்பர் கிரிட்டோ கேட்கிறார். உன் விருப்பம்போல் செய், ஆனால் முதலில் என்னைப் பிடித்தாக வேண்டுமே என்று மென்மையாகச் சிரிக்கிறார் சாக்ரடீஸ். இவ்வளவு நேரம் பேசியும், சற்று நேரத்தில் கிடக்கப்போகும் பிணம்தான் நான் என்று கிரிட்டோ நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருடைய மனக்குறை.

அன்று பிளேட்டோ உடல் நலமின்றி அங்கே இல்லை; அதை அவரே அந்த நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆகவே இந்தச் சொற்களில் எவ்வளவு சாக்ரடீஸுடையவை, எவ்வளவு பிளேட்டோவுடையவை என்று பிரிக்க முடியாது. ஒன்று மட்டும் தெளிவு. கடலில் விட்ட பிணங்களுக்காகத் தன் தளபதிகளைக் கொன்ற அதே ஊரில், அதே தலைமுறையில், பிணத்தை என்ன செய்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்ல முடிந்திருக்கிறது.

கிரேக்கர்கள் ஆன்மாவைப் பற்றி நினைத்ததை, இருளிலிருந்து படிப்படியாக வெளிச்சத்துக்கு வந்த கதையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கையில்லை. ‘நான் யார்’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு சிந்தனையாளரும் உண்மையில் என்ன விடை வைத்திருந்தார் என்பது, எதிரே ஒரு பிணம் கிடக்கும்போது அவர் சொன்னதில்தான் கலப்பில்லாமல் தெரிகிறது. அப்படிப் பார்த்தால் ஏறுமுகத்தைவிட, ‘நான்’ என்பதன் எல்லை குறுகிக்கொண்டே போனதுதான் கண்ணில் படுகிறது.

ஹோமரிலிருந்து தொடங்க வேண்டும். இலியட் காவியத்தின் தொடக்க அடிகளிலேயே ஒரு பிரிவினை நடந்துவிடுகிறது. அக்கிலீஸின் சினம் வீரர் பலரின் உயிர்களை ஹேடீஸ் என்னும் கீழுலகுக்கு அனுப்பிற்று. அவர்களையோ நாய்க்கும் பறவைக்கும் இரையாக்கிற்று. கீழுலகுக்குப் போனது உயிர். ‘அவர்கள்’ மண்ணில் கிடக்கிறார்கள். உடல்தான் ஆள். சைக்கி என்று கிரேக்கர் அழைத்த அந்த உயிர், ஹோமரிடத்தில் மனிதன் வாழும்வரை ஏறக்குறைய எந்த வேலையும் செய்வதில்லை. சினமும் துணிவும் நெஞ்சில் குடியிருக்கும் தூமோஸிலிருந்து எழுகின்றன. காண்பதும் திட்டமிடுவதும் நோவோஸின் பொறுப்பு. சாகும்போதோ மயங்கும்போதோதான் சைக்கியின் பேச்சே வருகிறது.

இலியட்டின் 23ஆம் காண்டத்தில், கொல்லப்பட்ட பட்ரோக்லஸ் தூங்கும் நண்பனின் தலைமாட்டில் வந்து நிற்கிறான். உருவம், கண், குரல், உடை எல்லாம் அவனுடையவையே. என்னைச் சீக்கிரம் எரித்துவிடு, மற்ற உயிர்கள் என்னை ஆற்றைக் கடக்க விடவில்லை என்று கெஞ்சுகிறான். அக்கிலீஸ் கையை நீட்டி அணைக்கப் போகிறான். புகைபோல் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது அது, கீச்சென்று ஒலித்தபடி. திடுக்கிட்டு எழுந்த அக்கிலீஸ், அங்கேயும் ஏதோ ஓர் உயிர், ஓர் உருவம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்குள் நினைவறிவு கொஞ்சமும் இல்லை என்று வியக்கிறான். ஒடிசியில் நிலைமை இன்னும் பரிதாபம். கீழுலகில் தன் தாய் அன்டிக்ளியாவை ஒடிசியஸ் பார்க்கிறான். பலியிட்ட ஆட்டின் இரத்தத்தைக் குடிக்கும்வரை அவளுக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. உடல் இல்லாமல் நினைவு இல்லை. நினைவு இல்லாமல் தாயும் முழுத்தாய் இல்லை. இலியட் காவியம் டிராய் நகரின் வீழ்ச்சியோடு முடியாமல், ஒரு பிணத்தைத் தந்தை கேட்டு வாங்கி வந்து ஈமக்கடன் செய்வதோடு முடிவதன் காரணம் இதுதான். பிரியாமுக்கு அது ஹெக்டரின் உடல் மட்டுமல்ல. அது ஹெக்டர்.

ஹோமரின் மனிதனுக்கு ஒருமைப்பட்ட அகம் என்பதே கிடையாது, அவன் பல உறுப்புகளும் உந்துதல்களும் கூடிய ஒரு தொகுப்பு மட்டுமே என்று ஜெர்மானிய அறிஞர் புருனோ ஸ்னெல் 1946இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அரைநூற்றாண்டு அந்தக் கருத்து கோலோச்சியது. 1993இல் ஆங்கில மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் அதை நேராகவே மறுத்தார்: தன் நெஞ்சையே அதட்டிப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஒடிசியஸுக்கு ‘தான்’ என்ற ஒன்று இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? வில்லியம்ஸ் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். ஹோமரிடம் தனியே ஆன்மா என்றொரு பொருள் இல்லாததை வைத்து அவரிடம் மனிதனே இல்லை என்று முடிவு கட்டியது ஸ்னெல்லின் தவறு. பிற்காலம் உடலிலிருந்து பிரித்தெடுத்து ஆன்மாவுக்குக் கொடுத்த எல்லாம் ஹோமரிடத்தில் கைகால் உள்ள முழு ஆளிடமே இருந்தன.

அந்த முழு ஆள் உடையத் தொடங்கியது கி.மு. 6ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில். உயிர் ஓர் உடலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்றார் பைதகோரஸ். யாரோ அடித்துக்கொண்டிருந்த நாய்க்குட்டியின் ஓலத்தில் இறந்த நண்பரின் குரல் கேட்கிறது, அடிக்காதே என்று அவர் தடுத்ததாக, அவர் காலத்தவரான செனபானிஸ் கவிதையில் எழுதி வைத்தார். எபேசஸின் ஹெராக்ளிடஸ், எவ்வளவு தூரம் நடந்தாலும் ஆன்மாவின் எல்லையைக் காண முடியாது, அதன் ஆழம் அப்படி என்றவர். அவரே, சாணத்தைவிட முதலில் தூக்கி எறிய வேண்டியது பிணம் என்றும் சொன்னார். ஆன்மாவின் ஆழம் கூடக்கூட உடலின் மதிப்பு குறைகிறது. கி.மு. 432இல் பொதிடேயா போரில் இறந்த ஏதென்ஸ் வீரர்களுக்கு எழுப்பிய நினைவுக்கல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆன்மாக்களை வானவெளியும் உடல்களை மண்ணும் பெற்றுக்கொண்டன என்று அது கூறுகிறது. அந்தப் போர்க்களத்தில் சாக்ரடீஸும் ஒரு படைவீரர்.

இந்த மாற்றத்தைச் சாதாரண மக்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு, எல்லா மெய்யியல் நூல்களையும்விட ஒரு சிறிய பொன் தகட்டை நான் பெரிய சான்றாகக் கருதுகிறேன். தென் இத்தாலியில் இன்று வீபோ வாலென்ட்சியா எனப்படும் ஊர், அன்று ஹிப்போனியோன் என்ற கிரேக்கக் குடியேற்றம். 1969இல் அங்கே ஒரு பெண்ணின் சவக்குழியைத் திறந்தபோது, மடித்த பொன் தகடு ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய கி.மு. 400ஐச் சேர்ந்தது. அதில் பொறித்திருப்பது பிரார்த்தனை அல்ல, வழி. கீழுலகுக்கு வந்ததும் வலப்பக்கம் ஒரு நீரூற்று இருக்கும், பக்கத்தில் ஒரு வெண்ணிற சைப்ரஸ் மரம் நிற்கும், அந்தப் பக்கமே போகாதே. இறந்தவர்கள் அங்கேதான் தாகம் தீர்த்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ. நினைவு என்னும் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் வரும். காவலர்கள் உன்னை விசாரிப்பார்கள். மண்ணுக்கும் விண்மீன் நிறைந்த வானுக்கும் பிறந்தவள் நான், தாகத்தில் சாகிறேன் என்று சொல், குடிக்கத் தருவார்கள்.

ஹோமரின் அன்டிக்ளியாவை இந்தப் பெண்ணோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அங்கே இறந்தவளுக்கு நினைவைத் திருப்பித் தர உயிருள்ளவன் இரத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே இறந்தவளே வழி கேட்டு நடந்து, தன் வம்சத்தைச் சொல்லி, நினைவைக் கேட்டு வாங்குகிறாள். பயணம் போகிறவள் ‘அவள்’. குழியில் விட்டுப் போனது அவள் உடல். ஆனால் அந்த ஆளிடம் இன்னும் தாகம் இருக்கிறது, வறண்ட தொண்டை இருக்கிறது, கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு இருக்கிறது. உடலை விட்டுப் போகிறவள் உடலின் வேட்கைகளையெல்லாம் கூடவே எடுத்துப் போகிறாள்.

பிளேட்டோவிடம் அதுவும் போய்விடுகிறது. ‘அல்கிபியாடீஸ்’ என்ற உரையாடல் பிளேட்டோவே எழுதியதுதானா என்று 19ஆம் நூற்றாண்டில் ஷ்லையர்மாகர் ஐயம் எழுப்பினார்; ஐயம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பழங்காலத்துப் பிளேட்டோனியப் பள்ளிகளில் மாணவர்கள் முதலில் படித்தது அதைத்தான். அதில் வரும் வாதம் சின்னது. செருப்புத் தைப்பவர் கத்தியைப் பயன்படுத்துகிறார். பயன்படுத்துபவர் வேறு, கருவி வேறு. அவர் கையையும் கண்ணையும்கூடப் பயன்படுத்துகிறார். அப்படியே போனால் மனிதன் தன் உடல் முழுவதையும் பயன்படுத்துகிறான். ஆகவே அவன் உடல் அல்ல. உடலைப் பயன்படுத்தும் ஆன்மா. கிரிட்டோவுக்குச் சாக்ரடீஸ் சொன்ன பதிலின் இலக்கணம் இது. இதன் பலவீனத்தையும் பார்க்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கையைப் பயன்படுத்துவது அப்படியான காரியமா? கை வலித்தால் கருவி கெட்டுவிட்டது என்று நாம் சொல்வதில்லை, எனக்கு வலிக்கிறது என்கிறோம்.

பிளேட்டோ அதோடு நிற்கவில்லை. ‘குடியரசு’ நூலின் நான்காம் பகுதியில் லியோன்டியஸ் என்பவரின் கதை வருகிறது, மீண்டும் பிணங்களோடு. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு வடமதிலின் வெளிப்புறமாக அவர் நடந்து வருகிறார். கொலைத்தண்டனை நிறைவேற்றுபவன் நிற்கும் இடத்தில் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க ஆசை. அருவருப்பு. முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் தன்னோடு போராடுகிறார். கடைசியில் ஆசை வெல்கிறது. கண்ணை அகல விரித்து, பிணங்களை நோக்கி ஓடி, தன் கண்களையே திட்டுகிறார், வயிறாரப் பாருங்கள், பாவிகளே என்ற பொருளில். ஆசையோடு சண்டை போடும் சினம் ஆசையாக இருக்க முடியாது. ஆகவே ஆன்மாவில் அறிவு, சினம், ஆசை என மூன்று கூறுகள் உண்டு என்று பிளேட்டோ முடிக்கிறார்.

அந்த வாதத்தைவிட என்னை நிறுத்துவது வேறொன்று. முகத்தை மூடிய கையா, பார்க்கத் துடித்த கண்ணா, திட்டிய வாயா, இதில் எது லியோன்டியஸ்? நூலின் ஒன்பதாம் பகுதியில் பிளேட்டோ பதில் தருகிறார். மனிதத் தோலுக்குள் பல தலை கொண்ட ஒரு விலங்கும், ஒரு சிங்கமும், ஒரு சிறிய மனிதனும் இருக்கிறார்கள்; அந்த உள் மனிதன்தான் அறிவு, அவனையே நாம் வளர்க்க வேண்டும். அதாவது, ஹோமரிடத்தில் மனிதன் என்பது உடல் முழுவதும்; கிரிட்டோவின் எதிரே உடலை உதறிவிட்ட ஆன்மா; இங்கே ஆன்மாவுக்குள்ளும் ஒரு மூலை. மதிலோரத்தில் பிணங்களைப் பார்த்து நடுங்கிய லியோன்டியஸின் பெரும்பகுதி, பிளேட்டோவின் கணக்கில் லியோன்டியஸே இல்லை.

பின்வந்த பள்ளிகள் ஒன்றுக்கொன்று எதிரிகளானாலும் பிண விஷயத்தில் ஒரே குரலில் பேசின. சினிக் மரபின் டயோஜனிஸ் தன்னை வெளியே எறிந்துவிடச் சொன்னார் என்று சிசரோ எழுதுகிறார். ஸ்டோயிக்குகளில் கிரிசிப்பஸ், பெற்றோரின் உடலானாலும் அது வெட்டி எறிந்த நகம், முடி போன்றதுதான், எளிமையாக அடக்கினால் போதும் என்றார். எபிகியூரஸுக்கு ஆன்மாவும் நுண்ணணுக்களின் கூட்டம்தான். உடல் சிதைந்தால் அதுவும் சிதறும், உணர ஆள் இல்லாத இடத்தில் அச்சத்துக்கு என்ன வேலை? அவர் வழிவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இதை மிகக் கூர்மையாகப் பிடித்தார்: தன் பிணத்தை மிருகங்கள் கிழிக்கும் என்று வருந்துகிறவன், பக்கத்தில் நின்று பார்க்கும் இன்னொரு தன்னை அறியாமலே கற்பனை செய்துகொள்கிறான். இந்தக் குறுகலின் உச்சம் கி.பி. 50 வாக்கில் அடிமையாகப் பிறந்த எபிக்டெடஸ். அவருக்கு ‘நான்’ என்பது தெரிவு செய்யும் ஆற்றல் ஒன்று மட்டுமே. காலில் விலங்கு மாட்டலாம், அதற்கு மாட்ட முடியாது. உன்னை அடக்கம் செய்யாமல் எறிந்துவிடுவார்களே என்ற மிரட்டலுக்கு, நான் பிணம் என்றால்தானே எறியப்படுவேன் என்பது அவர் விடை. உடலே எஜமானின் சொத்தாக இருந்த ஒருவர் இப்படிச் சொல்லும்போது அதில் உள்ள வலிமைக்கு நான் தலைவணங்குகிறேன். பிளேட்டோவிடம் கருத்தாக இருந்தது இவரிடம் உயிர்பிழைக்கும் வழி.

இந்த அலட்சியத்துக்கு ஓர் எதிர்பாராத பயனும் விளைந்திருக்கலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தாலமி மன்னர்களின் அலெக்சாந்திரியாவில், ஹெரோபிலஸும் எராசிஸ்திராடஸும் மனிதப் பிணங்களை அறுத்து ஆராய்ந்தார்கள். பிணத்தைத் தீட்டாகவும் புனிதமாகவும் கருதிய கிரேக்க உலகில் இது எப்படி நடந்தது? பிணம் வெறும் உடல் என்று மெய்யியலாளர்கள் ஒரு நூற்றாண்டாகச் சொல்லி வந்ததே கதவைத் திறந்தது என்றார் மருத்துவ வரலாற்றாசிரியர் லுட்விக் எடல்ஸ்டைன். மன்னரின் ஆதரவு இல்லாமல் அந்தக் கதவு திறந்திருக்காது என்பதும் சேர்க்க வேண்டியது. நரம்புகளைப் பின்தொடர்ந்த ஹெரோபிலஸ், ஆன்மாவின் ஆளும் பகுதி மூளையில் இருப்பதாகக் கண்டார். அவருக்குப் பின் வந்த கிரிசிப்பஸ் அது நெஞ்சில் இருப்பதாகவே சாதித்தார். ‘நான்’ என்று சொல்லும்போது நாம் நெஞ்சைத்தானே தொடுகிறோம் என்பதும் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. நானூறு ஆண்டு கழித்தும் மருத்துவர் கேலன் அதை மறுத்துப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அரிஸ்டாட்டிலைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றேதான். காலத்தால் எபிகியூரஸுக்கு முந்தியவர். ஆனால் இந்த ஓட்டத்துக்கு எதிராக நின்றவர் என்று நான் காண்பவர் அவரே. ‘ஆன்மா பற்றி’ என்ற நூலில், கண் ஒரு தனி உயிரினமாக இருந்தால் பார்வையே அதன் ஆன்மா என்கிறார். பார்வை இழந்த கண், கல்லில் செதுக்கிய கண்போல, பெயரளவில் கண். ஆன்மா என்பது உடலுக்குள் குடியேறி வெளியேறும் ஒரு பொருள் அல்ல, உயிருள்ள உடல் உயிரோடிருக்கும் முறை. மெழுகும் அதில் பதிந்த முத்திரையும் ஒன்றா இரண்டா என்று யாரும் கேட்பதில்லை. உடலையும் ஆன்மாவையும் பற்றி அப்படிக் கேட்பதும் வீண். இரக்கப்படுவது, கற்பது, சிந்திப்பது ஆன்மா என்று சொல்வதைவிட, ஆன்மாவைக் கொண்டு மனிதன் இவற்றைச் செய்கிறான் என்பதே சரி என்று அவர் எழுதிய இடம், பிளேட்டோவின் உள் மனிதனுக்கு நேரடியான பதில். இதன்படி இறந்த மனிதன் பெயரளவில்தான் மனிதன். பிணம் ஹெக்டர் அல்ல. ஆனால் ஹெக்டர் வேறெங்கோ நழுவிப் போய்விடவும் இல்லை. கிரிட்டோவும் சாக்ரடீஸும் இருவருமே பாதிதான் சரி.

அதனால் அவர் பிணத்தை அலட்சியப்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கி.மு. 322இல் கால்கிஸ் நகரில் இறந்த அவருடைய உயிலை, மெய்யியலாளர்களின் வரலாற்றை எழுதிய டயோஜனிஸ் லாயர்டியஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். முன்பே இறந்துவிட்ட மனைவி பித்தியாஸின் எலும்புகளை எடுத்து, தம்மை எங்கே அடக்கம் செய்கிறார்களோ அங்கேயே சேர்த்து வைக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார், அது அவளே விட்டுச் சென்ற கட்டளை என்ற காரணத்தோடு. அந்த எலும்புகள் பித்தியாஸ் அல்ல என்று உலகிலேயே தெளிவாக விளக்கக்கூடிய ஆள் அவர். ஆனால் அவள் விருப்பம் அவளுடையது. அவள் இறந்ததால் அது இல்லாமல் போய்விடுவதில்லை. மக்களும் நண்பர்களும் அடையும் நன்மை தீமைகள் இறந்தவரைச் சிறிதாவது தொடும் என்று அவர் தம் அறநூலிலும் எழுதியிருக்கிறார். பிணம் ஒன்றுமில்லை என்ற அறைகூவல்களுக்கெல்லாம் எட்டாத நிதானம் இது.

ஆனால் அவரிடமும் ஒரு விரிசல் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. அதே அறநூலின் பத்தாம் பகுதியில், ஒவ்வொருவரும் எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் அறிவே எனலாம் என்கிறார். ‘ஆன்மா பற்றி’ நூலின் மூன்றாம் பகுதியில், அறிவின் ஒரு கூறு மட்டும் பிரிந்து நிற்கக்கூடியது, அழியாதது என்று சில வரிகளில் சொல்லிவிட்டு, நமக்கு நினைவு இருப்பதில்லை என்று சேர்க்கிறார். ஹிப்போனியோன் பெண் எதைக் கேட்டு அத்தனை தூரம் நடந்தாளோ, அதுதான் அழியாத கூறில் இல்லை. கி.பி. 200 வாக்கில் அப்ரோடிசியஸின் அலெக்சாண்டர் அந்தக் கூறு மனிதனுடையதே அல்ல, கடவுள் என்றார். 12ஆம் நூற்றாண்டில் கோர்டோபாவின் இப்னு ருஷ்து, சிந்திக்கும் அறிவு மனிதர் அனைவருக்கும் ஒன்றே என்று விளக்கினார். 1270இல் பாரிஸ் ஆயர் எத்தியென் தாம்பியே அந்தக் கருத்தைத் தடை செய்தார். அதே ஆண்டில் தாமஸ் அக்வினாஸ் அதை எதிர்த்து ஒரு தனி நூலே எழுதினார். இதோ இந்த மனிதன் சிந்திக்கிறான், இந்த நடைமுறை உண்மைக்கு விளக்கம் தராத எந்தக் கொள்கையும் தோற்றது என்பது அவர் வாதத்தின் அச்சு. சாவுக்குப் பின் ஆன்மா நிலைக்கும் என்று உறுதியாக நம்பிய துறவி அவர். ஆயினும் பவுலின் கொரிந்தியர் திருமுகத்துக்கு எழுதிய உரையில், தம் ஆன்மா தாம் அல்ல என்றும், ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் தாமோ வேறெந்த மனிதனோ மீட்கப்பட்டதாகாது என்றும் அவர் தயங்காமல் எழுதினார்.